கிறித்தவக் குடும்பங்களுக்கு ஏற்ற படம் எது? படிவத்தில் இல்லாத கேள்வி

சென்ற ஆண்டு எங்கள் சேகரத்தில் குடும்ப நூலகம் ஒன்று தொடங்க முடிவெடுத்தார்கள். ஆலய வளாகத்தில் ஓர் அறை, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு டிவி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் எடுத்துப் படிக்கப் புத்தகங்கள், மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு படம். "நீதான் பி.எச்.டி. படிக்கிற பிள்ளையாச்சே, ஒரு பட்டியல் போட்டுக் கொடும்மா" என்று ஐயர் கேட்டார். (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் அழைப்போம். பார்ப்பனர் ஒருவர்கூட இல்லாத சபையில், மரியாதைக்கு எங்களுக்குக் கிடைத்த சொல் அது! அதை இன்னொரு நாள் பேசலாம்.)

பட்டியலோடு ஒரு படிவமும் கொடுத்தார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் படத்துக்கும் அதை நிரப்ப வேண்டும். ஆறு கேள்விகள். ஆன்மிகச் செய்தி என்ன? பாலியல் காட்சி உண்டா? வன்முறை உண்டா? கெட்ட வார்த்தை உண்டா? மது, புகை, போதை உண்டா? மாந்திரீகம், பிற தெய்வ வழிபாடு உண்டா?

நான் உண்மையாகவே உட்கார்ந்து நிரப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் திரும்பி வந்தது. மூன்று பெயர்களின் மேல் சிவப்புக் கோடு: பாமாவின் 'கருக்கு', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்', மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. காரணம் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது: கெட்ட வார்த்தை, கெட்ட வார்த்தை, வன்முறை. நான் எழுதாத ஒரு புத்தகம் புதிதாகச் சேர்ந்திருந்தது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த, கிறித்தவ வாலிபர்களுக்கான திருமண வழிகாட்டி.

கோடு போட்ட குழுவில் இருந்த ஓர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. இதெல்லாம் பிள்ளைங்க மனசுல சாதிய விதைச்சிரும்."

அவர் கெட்டவரில்லை. காய்ச்சலில் கிடந்த என் அம்மாவுக்கு வாரம் முழுக்கக் கஞ்சி கொண்டுவந்தவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட மனிதர்கள் கோடு போட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். நல்ல மனிதர்கள் கையில் ஒரு தவறான அளவுகோல் இருப்பதுதான் பிரச்சனை.

அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் டாப்சன் 1977-இல் தொடங்கிய 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' என்ற நிறுவனம், 'ப்ளக்டு இன்' என்ற பெயரில் கிறித்தவப் பெற்றோருக்காகத் திரைப்படங்களை மதிப்பிடுகிறது. நல்ல அம்சங்கள், ஆன்மிகம், பாலியல், வன்முறை, ஆபாசச் சொற்கள், போதை எனத் தலைப்புகள் வரிசையாக வரும். எங்கள் படிவம் அதன் தமிழ் நிழல். அமெரிக்கப் புறநகரில் வாழும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தன் பிள்ளையைக் குறித்து எதற்கெல்லாம் பயப்படுமோ அதையெல்லாம் நாம் அப்படியே இறக்குமதி செய்துவிட்டோம். நம் ஊரில் பயப்பட வேண்டியது எது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த அளவுகோலுக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. ஹாலிவுட் படங்களுக்கு 1930-இல் ஓர் ஒழுக்க விதித்தொகுப்பு ஏற்கப்பட்டது. 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தது. ஹேஸ் விதிகள் என்பார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குரு. முத்தம் எவ்வளவு நேரம், படுக்கையறை எப்படி, சாமியாரைக் கேலி செய்யலாமா என்றெல்லாம் கவலைப்பட்ட அந்த விதிகளில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளையருக்கும் கருப்பினத்தவருக்கும் இடையிலான பாலுறவைத் திரையில் காட்டக் கூடாது. 1956 வரை அந்தத் தடை இருந்தது. அதாவது, குடும்பத்துக்கு ஏற்ற படம் எது என்று தீர்மானித்தவர்களுக்கு நிறவெறி ஒழுக்கக்கேடாகத் தெரியவில்லை. நிறம் தாண்டிய காதல்தான் ஒழுக்கக்கேடாகத் தெரிந்தது. உடல் தூய்மையை அளக்க வந்த கோல், இனத் தூய்மையையும் சேர்த்தே அளந்தது. நம் நாட்டில் தூய்மை என்ற சொல் எதைக் காவல் காக்கிறது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, வன்முறைக்கு வருவோம். 2004-இல் மெல் கிப்சனின் 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' வந்தது. சாட்டையடியில் சதை பிய்ந்து வரும் படம். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது 'ஆர்' சான்றிதழ். ஆனாலும் அங்கே சபைகள் மொத்தத் திரையரங்கையும் பதிவு செய்து ஜனங்களைக் கூட்டிப் போயின. எங்கள் ஊரிலும் பெரிய வெள்ளிக்கு டிவிடி போட்டுக் காட்டினார்கள். நான் அப்போது பள்ளி மாணவி. யாரும் என் கண்ணைப் பொத்தவில்லை. "பாரு, உனக்காக எவ்வளவு அடி வாங்கினார்" என்றுதான் சொன்னார்கள். ஆக, வன்முறை இருப்பது மட்டும் சிக்கல் இல்லை. யார் மேல், எதற்காக, கதை யார் பக்கம் நிற்கிறது என்று பார்க்கும் அறிவு நம் சபைக்கு உண்டு. அந்த அறிவு கல்வாரிக்கு வேலை செய்கிறது. 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஒரு கல்யாண மண்டபத்து அறைக்குள் தலித் மாணவன் ஒருவனை அடித்து அவன் மேல் சிறுநீர் கழிக்கும்போது மட்டும் வேலை செய்யாமல் போகிறது. அங்கே அது வெறும் 'வன்முறை', சிவப்புக் கோடு.

இதே படிவத்தில் 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தை நிரப்பிப் பாருங்கள். பம்பரக் காட்சியை மட்டும் தள்ளிவிட்டால் பெரும்பாலும் பாஸ். சாதிப் பட்டத்தைத் தலைப்பிலேயே தூக்கி வைத்து, பண்ணையாரின் தீர்ப்பை நீதி என்று காட்டுவதைக் கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கெட்ட வார்த்தைக்கு வருகிறேன். சிவப்புக் கோடு போட்ட பட்டியல் என் மேசையில் கிடந்தது. அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. 'கருக்கு'வை ஏற்கெனவே என்னிடமிருந்து எடுத்துப் படித்து முடித்திருந்தாள். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, அதுல வர்ற கெட்ட வார்த்தையெல்லாம் நம்மளத் திட்டுறதுதான? திட்டுனவங்கள விட்டுட்டு எழுதுனவங்க பேர ஏன் அடிச்சாங்க?"

என்னிடம் பதில் இல்லை.

'கருக்கு' 1992-இல் வந்தது. அதை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஆய்வு மையம். எழுதியவர் கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறியவர். ஒரு கிறித்தவப் பெண், கிறித்தவ வாழ்க்கையைப் பற்றி எழுதி, கிறித்தவ நிறுவனம் வெளியிட்ட நூல். எபிரெயர் நிருபம் நாலாம் அதிகாரத்தில் தேவனுடைய வார்த்தைக்கு ஒப்பாகச் சொல்லப்படும் பட்டயத்துக்கும் இருபுறமும் கருக்குண்டு. தலைப்பிலேயே வேதாகமம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைச் சின்னப் பெண் ஒருத்தி வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறாள். அது ஏன் என்று அண்ணன் சொன்ன பிறகு அவளுக்குச் சிரிப்பு போய்விடுகிறது. ஞாயிறு பள்ளிக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஆனால் எங்கள் படிவத்தில் இந்தக் காட்சியை எழுத இடமில்லை. முத்தத்துக்கு இடமுண்டு, சிகரெட்டுக்கு இடமுண்டு, நூலில் தொங்கும் வடைப் பொட்டலத்துக்கு இல்லை.

இந்தப் பார்வைக் கோளாறு சினிமாவோடு நிற்கவில்லை. வேதாகமத்தைச் சொல்லிக் கொடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. யோவான் நாலாம் அதிகாரம். இயேசு கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதனாகிய நீ சமாரியப் பெண்ணாகிய என்னிடம் தண்ணீர் கேட்பது எப்படி என்று அவள் திகைக்கிறாள். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை என்று அந்த இடத்திலேயே விளக்கமும் இருக்கிறது. கிணறு, குடம், யார் கைத் தண்ணீரை யார் குடிப்பது. உலகத்தில் வேறு எந்த நாட்டுப் பிள்ளைக்கு இது புரியாவிட்டாலும் நம் ஊர்ப் பிள்ளைக்குப் புரியும். மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிய 1927-க்கு நேராகப் போய் நிற்கும் கதை இது.

எனக்கு ஞாயிறு பள்ளியில் இது எப்படிச் சொல்லித் தரப்பட்டது தெரியுமா? "அவளுக்கு ஐந்து புருஷர். பாவ ஜீவியம் செய்தவள். இயேசு அவளை மன்னித்தார்." படத்தில் அவளுக்கு உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தார்கள். ஐந்து கணவர்கள் கண்ணில் பட்ட அளவுக்குத் தண்ணீர்க் குடம் யார் கண்ணிலும் படவில்லை. லூக்கா பத்தாம் அதிகாரத்து நல்ல சமாரியனுக்கும் இதே கதிதான். 'அடிபட்டவர்களுக்கு உதவி செய்' என்று சுருக்கிவிட்டார்கள். தொடக்கூடாதவன் என்று நீ நினைத்தவன் தொட்டுத்தான் நீ பிழைத்தாய் என்பதை யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்தத் திருமண வழிகாட்டி. கெட்ட வார்த்தை இல்லை, வன்முறை இல்லை, ஆறு கட்டத்திலும் நூற்றுக்கு நூறு. அவிசுவாசியோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதே என்று ஓர் அதிகாரம். திருமணத்துக்கு முன் தூய்மை என்று ஓர் அதிகாரம். துணையைத் தேர்ந்தெடுப்பதில் தேவ சித்தத்தை அறிவது எப்படி என்று இன்னோர் அதிகாரம். சாதி என்ற சொல் ஒரு பக்கத்தில்கூட இல்லை. அமெரிக்கர் எழுதியது, இருக்காதுதான். ஆனால் மொழிபெயர்த்தவர் தமிழர், அச்சிட்டவர் தமிழர், முன்னுரை எழுதிய போதகர் தமிழர். 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வன்னியர்', 'ஆர்.சி. வெள்ளாளர்' என்று பிரித்து வரன் தேடும் விளம்பரங்களை நாள்தோறும் பார்ப்பவர்கள் இவர்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சொந்தச் சாதி இந்துப் பையன் கிடைத்தால், திருமணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்நிய நுகம் அங்கே உறுத்தவில்லை. முழங்காலில் நின்று ஜெபிக்கிற, அதே சபையில் திருவிருந்து எடுக்கிற கீழத்தெருப் பையன்தான் அந்நியன்.

என் அக்காவுக்குப் பதினாறு வருடத்துக்கு முன் ஒரு வரன் வந்தது. ஒரே திருமண்டலம். மாப்பிள்ளை ஆசிரியர், அக்காவும் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இரண்டு வீட்டாரும் ஜெபித்துத்தான் பேசத் தொடங்கினார்கள். பெண் பார்க்க வரும் முன் போனில் ஒரே ஒரு கேள்வி: "நீங்க மேலத்தெரு ஆலயமா, கீழத்தெரு ஆலயமா?" அப்பா பதில் சொன்னார். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது: "ஜெபத்துல வச்சோம். ஆண்டவருக்குச் சித்தமில்ல போல." அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆண்டவர் தன்னைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அவள் நினைத்தாள். ஒரு பெண்ணை அப்படி நினைக்க வைத்ததைவிடப் பெரிய தேவ தூஷணம் எந்தப் படத்தில் இருக்கிறது? அந்தக் குடும்பத்துக்கு 'தேவ சித்தம்' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தவை இப்படிப்பட்ட புத்தகங்கள்தாம். அதனால்தான் சொல்கிறேன்: நூலகத்தில் இருந்து எடுக்க வேண்டிய ஆபத்தான புத்தகம் 'கருக்கு' அன்று.

சாதியைப் பேசினால் சாதி வளரும் என்கிறார்கள். எங்கள் அசனப் பண்டிகையில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் எச்சில் இலை எடுக்கிறார்கள் என்று அக்கா மகளுக்கு ஆறு வயதிலேயே தெரியும். அவளுக்கு எந்தப் புத்தகமும் விதைக்கவில்லை. புத்தகம் அவளுக்குக் கொடுத்தது, தான் பார்த்தது தப்பு என்று சொல்லும் துணிச்சலை.

சபை சாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரபு என்கிறார்கள். அதுவும் பொய். நான் ஆய்வு செய்வது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவ அச்சு நூல்களை. அப்போது வெளிப்படையாகவே சண்டை போட்டார்கள். சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சாதியை விட மனமில்லாத பலர் தஞ்சையிலும் சென்னையிலும் சபையை விட்டே போனார்கள். அதற்கு முன்பே, சாதி வழக்கங்களில் கைவைத்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகளை நாங்கள் இன்றும் பாடுகிறோம். இந்தச் செய்தியை எந்த ஞாயிறு பள்ளிப் புத்தகமும் சொன்னதில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே உட்கார இருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பேசினார்கள், எழுதினார்கள், வழக்காடினார்கள். இன்றைய கள்ள மௌனம் புதிது.

இன்னொரு வாதம் நம் தோழர்களிடமிருந்தே வரும். சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் சபையின் குறையை எழுதினால் சங்கிகளுக்குத் தீனி ஆகாதா? இதைக் கேட்பவர்கள் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எடுத்துப் படிக்க வேண்டும். அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திருத்தம் வந்தது. தலித் கிறித்தவருக்கு இன்றுவரை இல்லை. கிறித்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்கு என்பதுதான் எதிர்ப்பவர்கள் எப்போதும் சொல்லும் வாதம். திருச்சபைத் தலைவர்கள் டெல்லியில் போய், எங்களிடம் சாதி இருக்கிறது, எங்கள் மக்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்று வாதாடுகிறார்கள். ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாள் என்கிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016-இல் வெளியிட்ட தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் இருக்கும் சாதி ஞாயிறு பள்ளியில் எப்படிக் காணாமல் போகிறது? சங்கிகளுக்குத் தீனி போடுவது என் கட்டுரையா, அல்லது 'நமக்குள் சாதி இல்லை' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அந்த மௌனமா?

கடைசியாக, மதமே அபின், அதற்குள் போய்ப் புத்தகப் பட்டியலுக்குச் சண்டை போடுவானேன் என்று கேட்கும் நண்பர்களுக்கு. நீங்கள் சபையை விட்டு வெளியே வந்திருக்கலாம். உங்கள் அக்கா மகள் வரவில்லை. சாதியை ஒழிக்கச் சாதி மறுப்புத் திருமணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அப்படியானால் அகமணமுறையைக் குடும்பத்துக்குள் பாதுகாக்கும் இந்தச் சாதுவான புத்தகங்கள், குறுந்தகடுகள், திருமண ஆலோசனை வகுப்புகள்தாம் நாம் பேச வேண்டிய முதல் களம். மேடைப் பேச்சு கேட்க வராத லட்சக்கணக்கான வீடுகளுக்குள் இவை போகின்றன.

ஆகவே, படிவத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயம். ஆறு கேள்விகளோடு இவற்றையும் சேர்க்கச் சொல்கிறேன்:

இந்தக் கதையில் யார் கைத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

'ஏழை' என்று காட்டப்படுபவருக்குப் பெயர் உண்டா, அல்லது உதவி வாங்கி நன்றி சொல்ல மட்டும் வருகிறாரா?

குப்பை அள்ளுவதையும் பிணம் புதைப்பதையும் யார் செய்கிறார்கள்? அது இயல்பு என்கிறதா கதை?

வசையும் அடியும் வந்தால், வாங்குபவர் யார்? கதை யார் பக்கம்?

திருமணத்தைப் பற்றிப் பேசினால், சாதி பார்த்து வரன் தேடுவது பாவம் என்று வெளிப்படையாகச் சொல்கிறதா?

கடைசிக் கேள்வியில் தோற்கும் எந்தப் புத்தகத்தையும் 'குடும்ப நூல்' என்று அலமாரியில் வைக்காதீர்கள். எத்தனை வசனம் அதில் இருந்தாலும் சரி.

இந்தக் கேள்விகளைக் கையால் எழுதி, நாற்பது பிரதி எடுத்து, சென்ற மாதம் ஆலயத்தில் பாட்டுப் புத்தகங்களுக்கு இடையே வைத்துவிட்டு வந்தேன். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி கொண்டுவந்த அந்த அம்மா மட்டும் ஒரு பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

வருகிற மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் யோவான் நாலாம் அதிகாரம் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. உதட்டுச் சாயம் பூசிய படத்தை நான் காட்டப்போவதில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரே ஒரு சொம்பும் கொண்டுபோகப் போகிறேன். மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் எத்தனை பெற்றோர் ஐயர் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்ப்போம்.

'கருக்கு' இப்போது அலமாரியில் இல்லை, என் பையில் இருக்கிறது. கேட்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறேன். இதுவரை ஏழு பேர் வாங்கிப் படித்திருக்கிறார்கள். மூன்று பேர் மேலத்தெரு.